பதின்மூன்று வினாக்களும் ஒரு விடையும்

முதுமை மறதிநோய் உற்றோரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க, அமெரிக்க நாட்டு ரெபெக்கா லாக்ஸ்டனும் அவர்தம் குழுவினரும் 1999-இல் விளக்கிய அளவுகோல் இன்று பல நாடுகளில் வழங்குகிறது. உடல்நலம், மனநிலை, நினைவாற்றல், குடும்பம், பணம் முதலிய 13 பொருள்கள் பற்றி வினவி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் இடுவர்.

நோயுற்றவரையே வினவுவது இதன் பெருஞ்சிறப்பு. பராமரிப்பவரிடமும் அவ்வினாக்களே கேட்கப்படுகின்றன. இரண்டையும் இணைக்கும்போது நோயுற்றவரின் மதிப்பெண் இருமடங்கு எடை பெறுகிறது. நினைவு தளர்ந்தவரின் சாட்சியம் செல்லும் என ஓர் அளவுகோல் ஏற்பது சிறு செய்தியன்று. பராமரிப்போர் இடும் மதிப்பெண் பெரும்பாலும் தாழ்ந்தே நிற்கிறது. அத்தாழ்வில் அவர்தம் சோர்வும் கலந்துள்ளது.

ஆயினும் இதனை விசைத்தறி ஊராகிய சங்கரன்கோவிலுக்குக் கொண்டு சென்றால் இடர்ப்பாடு எழும். வாழ்நாளெல்லாம் தறிக்கு நூல் சுற்றிய மூதாட்டியிடம் பொழுதுபோக்கைப் பற்றி என்னவென்று வினவுவது? ஆடித்தபசுக்கு உறவினர் வந்து வீடு நிறையும்போது அவரைத் திண்ணையில் அமர்த்துகின்றனரா, உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துகின்றனரா? குடும்பம், வாழிடம் என்னும் வினாக்கள் இதனைத் தொட்டுச் செல்லலாம், பிடிப்பதில்லை.

இதனினும் பெரிய இடர் விடையில் உள்ளது. "எனக்கென்ன குறை, நல்லாத்தான் இருக்கேன்" என்பார் அவர். அளவுகோல் அதற்கு 3 இடும். நாமோ அதனை வீட்டின் மானம் காக்கும் சொல்லாகவே கேட்கிறோம். வாயிலில் மருமகள் நிற்கிறார். (அவரைப் பழிப்பது நம் நோக்கமன்று, இரவெல்லாம் விழித்திருப்பவர் அவரே.) இருவரையும் தனித்தனியே வினவுக என்கிறது அளவுகோல். ஓரறை வீட்டில் அத்தனிமைக்கு இடமேது?