நாலு மல்லிக்கு ஒரு கனகாம்பரம்

மாசிமகத்துக்கு மறுநாள் காலை, பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில்தான் என் பீரோ எப்படி இருக்கிறது என்பது கண்ணில் பட்டது. முந்தின நாள் குளமங்கலம் போயிருந்தோம். கீரமங்கலத்துப் பக்கம் இருக்கிற பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில், 30 அடிக்கு மேல் உயரமான குதிரைச் சிலை ஒன்று நிற்கிறது. மாசிமகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலை சாத்துவார்கள். ரோஸ், மஞ்சள், பச்சை, ஊதா என்று மாலைக்கு மேல் மாலையாக விழுந்து, பொழுது சாய்வதற்குள் குதிரை காணாமல் போய்விடும். அதைப் பார்த்துவிட்டு வந்த கண்ணோடு பீரோவைத் திறந்தால், சந்தனம், பிஸ்கட் கலர், சிமெண்ட் கலர், காப்பிக் கலர், சாம்பல், மறுபடியும் சந்தனம்.

இதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் ஆலங்குடி. குருபகவானுக்கு மஞ்சள் வஸ்திரம் சாத்துவார்களே, அந்த ஆலங்குடி இல்லை. அது திருவாரூர் மாவட்டம். இது புதுக்கோட்டைக்குக் கிழக்கே, செம்மண்ணும் கடலையும் பலாவுமான ஆலங்குடி. இங்கே வெள்ளை வேட்டி கட்டி நாலு தெரு நடந்தால் கால்பக்கம் செம்மண்ணே ஒரு கரை போட்டுக் கொடுத்துவிடும். அதனால் ஜவுளிக்கடையில் எதை எடுத்தாலும் கூட வந்தவர் கேட்கிற முதல் கேள்வி, “அழுக்குத் தாங்குமா?” அழுக்குத் தாங்கும் நிறங்களாகவே இருபது வருஷம் எடுத்தால் பீரோ இப்படித்தான் ஆகும்.

போய்ப் புதிதாக நாலு சேலை எடுப்பது சுலபம். நான் சொல்ல வருவது அது இல்லை. நிறம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் பழக வேண்டும். எனக்கு அதைப் பழக்கிவிட்டவர் பேருந்து நிலையத்துப் பக்கம் பூக்கட்டுகிற அக்கா.

கீரமங்கலம் பக்கத்துப் பூ எங்கள் ஊருக்கு விடியலிலேயே வந்துவிடும். அக்காவுக்கு முன்னால் ஈரச் சாக்கில் மல்லி ஒரு குவியல், கனகாம்பரம் ஒரு சின்னக் குவியல், மரிக்கொழுந்து ஒரு கைப்பிடி. கதம்பம் கட்டும்போது அவர் விரலைக் கவனித்தேன். நாலு கண்ணி மல்லி, ஒரு கண்ணி கனகாம்பரம், நடுவில் கிள்ளின மரிக்கொழுந்து. மறுபடியும் நாலு மல்லி. “கனகாம்பரத்தைக் கொஞ்சம் கூடத்தான் வைங்களேன்க்கா” என்றேன். “சரிக்குச் சரி வச்சா ரெண்டுமே எடுக்காது டீச்சர்” என்றார். கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது. நிறத்துக்காக மட்டும் நம் தலையில் ஏறியிருக்கும் பூ. அப்படிப்பட்ட பூவையே ஐந்தில் ஒரு பங்குதான் வைக்கிறார். மல்லி வெறும் வெள்ளையாகக் கிடப்பதால்தான் அந்த ஒரு பங்கு தெருமுனையிலிருந்து தெரிகிறது. அப்படிப் பார்த்தால் என் சந்தனமும் சாம்பலும் மல்லிக் குவியல். கனகாம்பரத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

தேடுவதற்கு முன் ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிவாக்கில் எல்லாத் துணியையும் அள்ளிக்கொண்டு வந்து வாசலில் கயிற்றுக் கட்டிலில் போடுங்கள். டியூப்லைட்டில் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். நம் பாட்டிமார் ஜவுளிக்கடையில் சேலையைத் தூக்கிக்கொண்டு தெருவெளிச்சத்துக்கு வந்தது சும்மா இல்லை. வெயில் ஏறிவிட்டாலும் நிறம் வெளிறித் தெரியும். இளவெயிலில்தான் துணி உண்மையைச் சொல்லும்.

முதலில் வெள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். சொட்டு நீலம் போட்ட வேட்டி, சலவை காணாத கோடித் துணி, கிரீம் கலர்ச் சட்டை. தனித்தனியாகப் பார்த்தபோது மூன்றும் வெள்ளை. சேர்த்துப் போட்டதும் ஒன்று நீலம் பாய்ந்து தெரியும், ஒன்று மஞ்சள் பாய்ந்து தெரியும், கோடித் துணி மண்ணைச் சேர்ந்ததுபோல் இருக்கும். பழசான வெள்ளையின் மஞ்சளை நீலம் அமுக்கிவிடுகிறது, அதனால்தான் நீலம் போட்டால் வெளுப்பாகத் தெரிகிறது. நீலம் போட்ட வேட்டிக்கு மேல் கிரீம் சட்டை போட்டால் சட்டை துவைக்காததுபோல் தோன்றுவதற்கும் இதுவே காரணம். என் வீட்டுக்காரர் இந்தத் தப்பைப் பத்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். சட்டையைத்தான் திட்டினோம்.

சட்டையைத் திட்டிய இதே கதை பாரிசிலும் நடந்திருக்கிறது, கோபெலின் நெசவுக்கூடத்தில். அங்கே சாயப்பிரிவுக்குத் தலைவராக 1824-இல் வந்தவர் செவ்ரல் என்கிற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் கறுப்பு சோகையாக இருக்கிறது என்று புகார். மனிதர் சாயத்தை ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குற்றமே இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பைக் கெடுத்திருக்கிறது. ஒரு நிறத்தைப் பக்கத்து நிறம் எப்படி மாற்றுகிறது என்று 1839-இல் பெரிய புத்தகமே எழுதிவிட்டார். கயிற்றுக் கட்டிலில் நீங்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சந்தனக் கலர்ச் சேலைக்குப் பக்கத்தில் கடுகு மஞ்சள் ஜாக்கெட்டை வையுங்கள்: சேலை வெளுத்து, கஞ்சித்தண்ணி மாதிரி ஆகிவிடும். அதை எடுத்துவிட்டு வாடாமல்லி ஜாக்கெட்டை வையுங்கள். அதே சேலையில் மஞ்சள் ஊறி வரும், கிட்டத்தட்ட பலாச்சுளை அளவுக்கு. சேலைக்குச் செலவு ஒரு பைசா இல்லை.

இந்த இடத்தில் மேட்சிங் ஜாக்கெட் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சேலையை எடுத்துக்கொண்டு போய் அதே நிறத்தில் நூல் பிசகாமல் ஜாக்கெட் துணி தேடும் பழக்கம், ஒன்றுக்கு ஒன்று கைகொடுக்காத அலமாரியை உண்டாக்கிவிட்டது. ஒவ்வொரு ஜாக்கெட்டும் ஒரு சேலைக்கு மட்டும் அடிமை. பாவாடை தாவணி போட்ட காலத்தில் பாவாடை ஒரு நிறம், தாவணி வேறு, ஜாக்கெட் இன்னொன்று. மூன்று பாவாடையும் மூன்று தாவணியும் இருந்தால் ஒன்பது விதமாக உடுத்தினோம். நம் சேலையே எதிர்நிறத்தில் பிறந்ததுதான். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கியைப் பாருங்கள் (2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது): செங்கல் சிவப்பும் கறுப்பும் கடுகு மஞ்சளும் கட்டம் போட்டு, அகலக் கரையோடு நேருக்கு நேர் நிற்கும். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும் என்று எந்த நெசவாளரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் எது எத்தனை விரற்கடை என்பதில் அவர்கள் பிசகுவதில்லை.

மங்கின சேலைக்குள்ளும் நிறம் ஒளிந்திருக்கும். என்னிடம் ஒரு காப்பிக் கலர்ப் பட்டு உண்டு. கட்டினால் மாமியார்க் களை வந்துவிடும் என்று நானே ஒதுக்கி வைத்தது. துணிகளைக் கட்டிலில் போட்ட அன்றைக்கு அதன் முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பார்த்தேன். பாவு அரக்குச் சிவப்பு, ஊடை இலைப்பச்சை. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக ஓடியதில் கண்ணுக்குக் காப்பியாகத் தெரிந்திருக்கிறது. மயில் கழுத்து நிறம் உண்டாவதும் இப்படித்தான். பாவு ஒன்று, ஊடை ஒன்று, அசைந்தால் மாறி மாறி அடிக்கும். அந்தச் சேலைக்குப் பழைய பச்சை ஜாக்கெட் ஒன்றைப் போட்டேன். உள்ளே கிடந்த பச்சை மேலே வந்துவிட்டது. உங்கள் பீரோவிலும் இப்படி ஒன்று இருக்கும். ஓரத்து நூலை உருவிப் பாருங்கள், அந்த நூலின் நிறத்தில் மேலே என்ன போடலாம் என்று தேடுங்கள்.

எங்கே தேடுவது? எல்லார் வீட்டிலும் பீரோவுக்கு மேலே ஒரு மஞ்சள் பை இருக்கிறது. வளைகாப்பு, கொலு, புதுமனை புகுவிழா என்று வெற்றிலை பாக்கோடு வாங்கி வந்த ஜாக்கெட் பிட்டுகள். நாம் காசு கொடுத்து எடுக்கவே மாட்டாத நிறங்கள் அதில்தான் கிடக்கும்: கிளிப்பச்சை, கத்தரிப்பூ, தக்காளி, எம்.எஸ். நீலம். இவர் கொடுத்ததை அவருக்குக் கொடுத்து, அது சுற்றி மூன்றாம் வருஷம் நமக்கே திரும்பி வருவதும் உண்டு. அந்தப் பையைக் கட்டிலில் கொட்டுங்கள். எல்லாவற்றையும் தைக்க வேண்டாம். உங்கள் சேலைகளில் மூன்றுக்காவது சேர்கிற இரண்டே பிட்டை எடுத்துத் தையல்காரரிடம் கொடுங்கள். துணி தரமில்லை என்றால் சாம்பல் கலர் ஜாக்கெட்டின் கைக்கு இரண்டு விரற்கடைக் கரையாக வைத்துத் தரச் சொல்லுங்கள். கை ஓரத்தில் அவ்வளவு போதும். கரும்பலகையில் எழுதக் கை தூக்கும்போதெல்லாம் தெரிகிறது.

ஆண்கள் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். இங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். கறுப்பு சிவப்புக் கரை போட்டால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளை வந்தால் இன்னொரு கட்சி. கார்த்திகையில் கறுப்பு கட்டினால் சபரிமலைக்கு மாலை போட்டாச்சா என்பார்கள். காவி, மஞ்சள், செவ்வாடை எல்லாவற்றுக்கும் ஒரு சாமி உண்டு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நிறம் என்று பார்த்தால் கடைசியில் சந்தனமும் வெள்ளையும்தான் மிஞ்சுகின்றன. ஆனால் மயில் நீலம், அடர் கத்தரிப்பூ, பாசிப்பச்சை மூன்றும் இதுவரை யார் கண்ணிலும் படாமல் தப்பியிருக்கின்றன. அந்த மூன்றில் ஒரு நிறத்தில் கரை உள்ள பழைய வேட்டி இருந்தால், கரையின் நிறத்தைச் சட்டையில் கொண்டுவராதீர்கள். சட்டை வெள்ளையாகவே இருக்கட்டும், தோளில் துண்டு மட்டும் அந்த நிறத்தில். கைலியை யாரும் மதிப்பதில்லை, ஆனால் நிறம் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு கட்டத்துக்குள் எத்தனை நூல் சிவப்பு, எத்தனை நூல் பச்சை என்று எண்ணிப் பாருங்கள். அதிகம் இருப்பது பெரும்பாலும் அடங்கின நிறமாக இருக்கும், கீற்றாக ஓடுவதுதான் அடிக்கிற நிறம். மறுபடியும் பூக்கட்டுகிற அக்கா கணக்கு.

இருக்கிற துணிக்கே சாயம் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர்ப் பதில் பலா. வடகாடு பக்கம் பலா இல்லாத தோட்டம் குறைவு. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் போனபோது கண்ணெதிரே சாய்ந்து கிடந்தவையும் அந்தப் பலாமரங்கள்தான். பலாமரத்தின் வைரம் மஞ்சள் தரும். இலங்கையிலும் பர்மாவிலும் பிக்குகளின் சீவர ஆடைக்குக் காலங்காலமாக அந்தச் சாயம்தான். தச்சுப்பட்டறையில் கேட்டால் இழைப்புச் சுருள் கிடைக்கும், வெளிர்க்கட்டை கலக்காமல் மஞ்சள் பாய்ந்த சுருளாக வாங்குங்கள். பருத்தியில் பிடிக்கும், பாலியஸ்டரில் ஒட்டாது. துணியைக் கஞ்சி போகத் துவைத்து, கால் கிலோ துணிக்கு 30 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் துணியின் எடையைப்போல் இரண்டு மடங்கு சுருளை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் துணியைப் போட்டு இளந்தீயில் இன்னொரு மணி நேரம். ஆறின பிறகு எடுத்து அலசி நிழலில் காயப்போடுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், நிறம் கறுத்துவிடும். சமையல் பாத்திரமும் வேண்டாம். மஞ்சள்பொடியில் ஏன் செய்யக்கூடாது என்றால், வெயில் பட்டால் அது ஓடிவிடும், சோப்புப் பட்டால் சிவக்கும். குழம்புக்கறையைத் துவைத்தவர்களுக்கு இது தெரியும்.

நான் போட்டது கரை கிழிந்துபோன ஒரு வேட்டி. பலாச்சுளை மஞ்சளை எதிர்பார்த்தேன், வந்தது அதைவிட மங்கின, தேன் கலந்த மாதிரி ஒரு மஞ்சள். ஒரு பக்கம் திட்டுத் திட்டாக இருந்தது, சரியாகப் புரட்டிவிடவில்லை. திட்டு விழாத பக்கத்தை வெட்டித் துப்பட்டா ஆக்கி மகளுக்குக் கொடுத்தேன். மிச்சத்தில் இரண்டு ஜாக்கெட் கை. மகள் அதைச் சாம்பல் சுடிதாருக்கு மேல் போடுகிறாள். கொஞ்ச நிறமே போதும் என்பதற்குச் சாட்சி சித்தன்னவாசல். அந்தக் குகைக்கோயில் கூரையில் தாமரைக்குளம் வரைந்தவர்கள் கையிலும் எண்ணி ஐந்தாறு நிறம்தான் இருந்தது, அதிலும் பாதி காவியும் சுண்ணாம்பும் கரியும். ஆயிரம் வருஷம் கழித்தும் நமக்கு அந்த இலைகளின் பச்சைதான் முதலில் கண்ணில் நிற்கிறது. போன தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, எத்தனை நிறம் என்று எண்ணச் சொன்னேன். பத்துக்கு மேல் சொன்னார்கள்.

போன வாரம் வெள்ளிக்கிழமை, அந்தப் பழைய சந்தனச் சேலைக்கு வாடாமல்லி ஜாக்கெட் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். அக்காவிடம் வழக்கம்போல் ஒரு முழம் கதம்பம் கேட்டேன். கட்டி வைத்திருந்த சரத்தை எடுத்தவர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப வாழையிலையில் வைத்தார்.

“இன்னைக்கு ஒங்களுக்கு மல்லி போதும் டீச்சர்.”

வெறும் மல்லி ஒரு முழம் அளந்து கிள்ளிக் கொடுத்தார்.