அசைந்தால் மட்டுமே பார்க்கும் கேமரா

பாரிஸ் நகரத்து ப்ராஃபெசி நிறுவனத்தின் இவிகே4 கேமராவை மேசையில் பொருத்தி, எதிரே ஒரு தேநீர்க் கோப்பையை வைத்தால் திரையில் ஒன்றும் தெரியாது. பழுது என்று நினைக்க வேண்டாம். கோப்பை அசையவில்லை, அவ்வளவுதான். அதைச் சற்றே நகர்த்தினால் விளிம்புகள் பளிச்சென்று எழும், நிறுத்தியதும் மறைந்துவிடும்.

உள்ளே இருப்பது ஐஎம்எக்ஸ்636 என்னும் சென்சார். சோனியும் ப்ராஃபெசியும் சேர்ந்து உருவாக்கி 2021-இல் வெளியிட்டது. 1280 × 720 பிக்சல், ஒவ்வொன்றும் 4.86 மைக்ரான். இதில் ஃபிரேம் என்பதே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தன் மேல் விழும் ஒளியைத் தானே கண்காணிக்கிறது. ஒளி ஏறத்தாழ கால் பங்கு கூடினாலோ குறைந்தாலோ உடனே ‘நிகழ்வு’ என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறது: எந்த இடம், எந்த மைக்ரோநொடி, கூடியதா குறைந்ததா. மற்றபடி மௌனம். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. யார், எவ்வளவு என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். மாப்பிள்ளையின் முகம் மட்டும் அதில் இருக்காது.

இந்த யோசனை புதிதல்ல. கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் மிஷா மகோவால்டும் கார்வர் மீடும் செய்த சிலிக்கான் விழித்திரையிலிருந்து தொடங்குகிறது. 2008-இல் லிக்ஸ்டைனர், போஷ், டெல்புரூக் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்த 128 × 128 சென்சார்தான் இன்றைய கேமராக்களுக்கெல்லாம் மூத்தது. அந்த மூவரில் போஷ் பின்னாளில் ப்ராஃபெசியைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

கேமரா உள்ளங்கைக்குள் அடங்கும். யுஎஸ்பி கம்பி ஒன்றே மின்சாரத்துக்கும் தரவுக்கும் போதும். சாதாரண சி-மவுன்ட் லென்ஸ் பொருந்தும். ஆனால் ஃபோகஸ் செய்யப் போனால்தான் புதிய சிக்கல் புரிகிறது: அசையாததைக் காட்டாத கேமராவில் எதை வைத்து ஃபோகஸ் செய்வது? மின்னி மின்னி அணையும் ஒரு கட்டப் படத்தை செல்போன் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்துத்தான் லென்ஸைத் திருக வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்த போனின் ஓஎல்இடி திரை, படம் அசையாதபோதும் துடித்துக்கொண்டிருந்ததை இந்தக் கேமரா காட்டிக்கொடுத்தது. நம் கண்ணுக்குத் தெரியாத துடிப்பு அது.

முக்கியமான சோதனை, பட்டறையின் ஆறு அங்குல பெஞ்ச் கிரைண்டர். சக்கரத்தின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு குறி. சக்கரம் நிமிடத்துக்கு 2,850 சுற்று ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டருக்கு மேல் பாய்கிறது. முழுச் சக்கரமும் தெரியும்படி வைத்தால் அந்தக் குறி ஒரு பிக்சலைக் கடக்க ஏறத்தாழ பத்து மைக்ரோநொடிதான் ஆகும். நேர முத்திரை ஒரு மைக்ரோநொடி நுட்பம் கொண்டதுதான். ஆனால் பிக்சலுக்குள் ஒளியை உணரும் சுற்று அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. குறியின் பின்னால் ஒரு வால் இழுபடுகிறது. நல்ல வேளையாக, தாமதம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் சுற்றுக் கணக்கு பிசகவில்லை; கையில் பிடிக்கும் டாக்கோமீட்டர் சொன்னதோடு ஒத்துப்போனது. நேரத்தை மூன்றாவது அச்சாக வைத்து வரைந்தால் குறி சுருள் சுருளாக நீள்கிறது. இரும்புக் கம்பியைச் சக்கரத்தில் அழுத்தியதும் அந்தச் சுருளின் இடைவெளி விரிவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த ஒரு காட்சிக்காகவே எனக்கு இதைப் பிடித்துப்போனது.

கூடவே வரும் மெட்டாவிஷன் மென்பொருளில் அதிர்வு அளக்கும் கருவி உண்டு. கிரைண்டரின் மூடித் தகடு எந்த இடத்தில் எத்தனை ஹெர்ட்ஸ் அதிர்கிறது என்று நிறம் பூசிக் காட்டுகிறது, எந்தச் சென்சாரையும் ஒட்டாமல். கடுகைப் புனல் வழியாகக் கொட்டி எண்ணவும் வைத்தேன். தனித்தனியாக விழுந்தவரை கணக்கு சரி. கொத்தாக விழுந்தால் இரண்டை ஒன்றென்று எண்ணிவிடுகிறது. அது எந்தக் கேமராவுக்கும் உள்ள குறைதான்.

இனி விளம்பர வாசகத்துக்கு வருவோம். ‘நொடிக்கு 10,000 ஃபிரேமுக்குச் சமம்’ என்கிறார்கள். இதே அளவுப் படத்தைச் சாதாரண முறையில் அந்த வேகத்தில் எடுத்தால், பிக்சலுக்கு ஒரு பைட் வீதம் நொடிக்கு 9.2 ஜிகாபைட் குவியும். இங்கே சக்கரக் குறிக்கு ஆனது அதில் ஒரு துளி. லேப்டாப் திணறவே இல்லை. அந்த வகையில் வாசகம் நியாயமானது. ஆனால் தீப்பொறி பறந்து, மேசையும் சேர்ந்து குலுங்கினால் எல்லாப் பிக்சலும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கும். வரிசைகள் தம் முறைக்குக் காத்திருக்கும், நேர முத்திரைகள் தள்ளிப்போகும், மிஞ்சியதைச் சென்சாரே கழித்துக்கட்டும். கேமராவைத் தாங்கும் கம்பத்துக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். கேமரா ஆடினால் உலகமே ஆடுகிறது என்றுதான் அதற்குப் படும்.

வெளிச்சம் இன்னொரு தலைவலி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிப்பவை. அத்தனை துடிப்பும் நிகழ்வாகப் பதிவாகும். துடிப்பை வடிகட்டும் வசதி சென்சாரிலேயே இருந்தாலும், நீங்கள் அளக்கும் அதிர்வும் அதே அலைவரிசையில் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். நேர்மின்னோட்ட விளக்கே நல்லது. அதுவும் தாராளமாக வேண்டும். மங்கலான இடத்தில் பிக்சல் சோம்பிப்போய் வேகம் என்ற பேச்சே அடிபட்டுவிடும். பிக்சலின் உணர்திறனையும் வேகத்தையும் தீர்மானிக்கும் பயாஸ் (bias) அமைப்புகளைத் திருகிச் சரிப்படுத்துவதுதான் உண்மையான வேலை. ஒரு காட்சிக்குச் சரியானது அடுத்ததற்குப் பொருந்தாது. பைத்தான் எழுதத் தெரியாதவர்கள் இதை வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருக்க நேரும்.

இதே சென்சாரை வைத்து லூசிட், ஐடிஎஸ் நிறுவனங்களும் தொழிற்சாலைக் கேமரா செய்கின்றன. மென்பொருளின் அடிப்படைப் பகுதியும் திறமூலமாகக் கிடைக்கிறது. ஆகவே ஒரே கடையை நம்பி இருக்க வேண்டியதில்லை.

ஸ்லோமோஷன் வீடியோ எடுக்க நினைப்பவர்களுக்கு இது வேண்டாம். நிறமும் வராது, முகமும் வராது. அதிர்வு, சுழற்சி, எண்ணிக்கை, வெல்டிங் சிதறல் என்று நேரத்தை அளக்க வேண்டிய கேள்வி கையில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். படித்துப் பழக விரும்பும் மாணவர்களுக்கு, 2023-இல் வந்த 320 × 320 பிக்சல் ஜென்எக்ஸ்320 சென்சார் கொண்ட சிறு பலகைகள் போதும். விலையில் இதன் பக்கத்தில்கூட வராது.