பதினேழாம் மாதம்

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் என்பதைத் தமிழ் படித்த எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொது. அதன்பின் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். சில நூல்களில் கழங்கும் உண்டு. தேர்வுக்கு இது போதும். இருபது ஆண்டுகளாகச் சிற்றிலக்கியத் தாளை நடத்தும் எனக்கு இது போதவில்லை.

இந்த இலக்கிய வகைக்கு ஒரு மாதக் கணக்கு இருக்கிறது. நூலுக்கு நூல் சற்று மாறினாலும் பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்: ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, இப்படி இரண்டிரண்டு மாதமாக நகர்ந்து பதினைந்தில் அம்புலி. குழந்தை தலைநிமிர்வதையும் கைகொட்டுவதையும் தளர்நடை போடுவதையும் நிலவைப் பார்த்துக் கைநீட்டுவதையும் இவ்வளவு கூர்ந்து கவனித்த இலக்கியம் வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கவனிப்பு பெருமைக்குரியது. முதல் ஏழு பருவங்களிலும் கவிஞன் குழந்தையின் உடலைப் பார்த்துப் பாடுகிறான். எட்டாவதில், பதினேழாம் மாதத்தில், பார்ப்பதை நிறுத்திவிடுகிறான்.

குழந்தை வளர்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை எதையும் தட்டிவிடும். அடுக்கிய கட்டையை இடிக்கும், கோலத்தை மிதிக்கும், அரிசிப் படியைக் கவிழ்க்கும். அது ஆணா பெண்ணா என்று கோலத்துக்குத் தெரியாது. பிள்ளைத்தமிழுக்குத் தெரிகிறது. பெண்கள் மணலில் கட்டிய சிறுவீட்டைக் காலால் அழிக்கும் செயலை அது ஆண் குழந்தைக்கு மட்டும் எழுதிக் கொடுக்கிறது. அதே வயதில் பெண் குழந்தைக்கு என்ன? அம்மானை. காய்களை மேலே எறிந்து, ஒன்று இறங்குமுன் மற்றொன்றை வீசி, கீழே விழாமல் பிடித்து, கூடவே பாடவும் வேண்டும். பதினேழு மாதக் குழந்தையால் இது முடியாது. ஏழு வயதுச் சிறுமிக்கே பழக்கம் வேண்டும்.

இலக்கணம் செய்யும் வேலை இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. எந்தக் குழந்தையும் இயல்பாகச் செய்வதைச் செய்யும்படி ஆண் குழந்தையைக் கேட்கிறது. அவன் செய்தால் வீரம். பயிற்சி இல்லாமல் வராத ஒன்றைப் பெண் குழந்தையிடம் கேட்கிறது. அவள் செய்தால் அது பெண்மையின் இயல்பு. அவனுக்கு உந்துதலே திறமையாகிறது. அவளுடைய திறமை பிறவிக் குணமாகச் சுருங்கிவிடுகிறது.

மீதிப் பருவங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். அவன் உடைக்கிறான், ஒலி எழுப்புகிறான், தேரை உருட்டிக்கொண்டு தெருவில் போகிறான். அவள் எதையும் கீழே விடாமல் பிடிக்கிறாள், குளிக்கிறாள், ஊஞ்சலில் ஆடுகிறாள். ஊஞ்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வேகமாகப் போகும், வயிற்றில் கூச்சம் காட்டும், காற்று முகத்தில் அடிக்கும். ஆனால் இறங்கும்போது ஏறிய இடத்திலேயே இருப்போம்.

ஒரே கவிஞர் இரண்டையும் பாடியிருப்பதால் ஒப்பிடுவது சுலபம். பதினேழாம் நூற்றாண்டின் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்கும் புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமிக்கும் பிள்ளைத்தமிழ் பாடினார். முருகன் வழக்கம்போல் சிற்றில் அழிக்கிறான், பறை முழக்குகிறான், தேர் உருட்டுகிறான். மீனாட்சி யார்? தடாதகை. திருவிளையாடல் கதைப்படி மகனுக்குரிய பயிற்சியெல்லாம் பெற்று வளர்ந்தவள், முடிசூடி ஆண்டவள், திக்குவிசயம் போனவள். தேர் அவளுக்கு விளையாட்டுப் பொருள்கூட அல்ல, வாகனம். இந்தக் கதையைக் குமரகுருபரர் மறந்தவர் அல்லர். ஆனாலும் எட்டாம் பருவம் வந்ததும் அவள் கையில் அம்மானைக் காய்தான். கவிஞர் தம் முழு ஆற்றலையும் கொட்டி அந்த அம்மானையையும் ஊசலையும் அண்டம் அளாவியவையாக ஆக்கிக் காட்டுகிறார். தமிழின் ஆகச்சிறந்த சந்தங்களில் சில அந்த நூலில் இருக்கின்றன. இருந்தும், உலகை வென்ற அரசிக்குக்கூட ஒரு சிறுதேர் கிடைக்கவில்லை. வகைமை அவளைவிட வலிமையானது.

‘இது தத்துவம் அம்மா, மேலோட்டமாகப் பார்க்காதீர்கள்’ என்று சொல்வார்கள். மூத்த பேராசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். சிற்றில் என்பது நிலையற்ற உலகம், அழிப்பது இறைவனின் திருவிளையாட்டு. சரி. உருவகம் வானத்திலிருந்து விழுவதில்லை, தெருவிலிருந்து எடுக்கப்படுகிறது. அழியும் உலகுக்கு உவமை தேடியவனுக்கு, சிறுமிகள் நாளெல்லாம் உட்கார்ந்து கட்டியது ஏன் உடனே கைக்குக் கிடைத்தது? அழிவதற்கென்றே இருக்கும் பொருளாக அது ஏற்கெனவே கருதப்பட்டிருந்ததால்தானே? இன்னொன்று: சிற்றில் பருவத்தில் பேசுவது ஆண் குழந்தை அல்ல. சிறுமிகள் பேசுகிறார்கள், கெஞ்சுகிறார்கள். சிதைக்காதே என்ற வேண்டுகோளே ஒவ்வொரு பாட்டின் முடிவு. அவன் காலுக்கு உடைக்கும் உரிமையையும் அவள் வாய்க்குக் கெஞ்சும் மொழியையும் ஒரே பாட்டு கற்பிக்கிறது. கெஞ்சுவது எவ்வளவு இனிமையாக இருக்கிறதோ அவ்வளவு அந்தப் பாட்டுக்கு மதிப்பு. அவள் திருப்பி அடித்தால் பாட்டே இல்லை.

இந்தக் கால் வளர்ந்து எங்கே போகிறது என்பதைப் பிள்ளைத்தமிழ் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஒரு பாட்டு எழுதி வைத்திருக்கிறது. குறிஞ்சிக்கலியில், கலித்தொகையின் 51ஆம் பாடல். தெருவில் நாங்கள் கட்டிய மணல் வீட்டை மிதித்தானே, மாலையை அறுத்தானே, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினானே, அவன்தான் என்று தலைவி தோழியிடம் தொடங்குகிறாள். அவன் ஒருநாள் வீட்டுக்குத் தண்ணீர் கேட்டு வருகிறான். தாய் கொடுத்தனுப்புகிறாள். இவள் நீட்டிய கையைப் பற்றுகிறான். இவள் பதறித் தாயை அழைக்கிறாள். தாய் அலறிக்கொண்டு ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்று மாற்றிச் சொல்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

நாடகத் தன்மைக்கும் நகைச்சுவைக்கும் எடுத்துக்காட்டாக இந்தப் பாட்டை எனக்கு நடத்தினார்கள். அது சரிதான், இவ்வளவு சில வரிகளில் இவ்வளவு பெரிய நாடகம் அரிது. அவளுக்கும் அவனைப் பிடித்திருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. அந்தப் பொய் அவளுடைய சொந்தப் பொய், அதில் அவளுக்கு ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் மூன்று பேரும் என்ன கற்றிருக்கிறார்கள் என்று பாருங்கள். விருப்பத்தைச் சொல்ல அவனுக்குத் தெரிந்த ஒரே வழி மணலில் பழகிய வழி: அவளுடையதைப் பிடுங்குவது. அவளுடைய முதல் குரல் உண்மை. இரண்டாவது குரல் பயிற்சி. முதலுக்கும் இரண்டுக்கும் இடையே ஒரு மூச்சு நேரம்தான், அதற்குள் அவனைக் காப்பாற்றும் வாக்கியம் தயாராக வந்துவிடுகிறது. யாரும் சொல்லித் தராமல் இப்படி வருமா? தாயோ ஒன்றும் அறியாமல் அவன் முதுகைத் தடவுகிறாள். செய்த செயலுக்குக் கைமேல் பரிசு. பழக்குதல் பற்றிப் பேசும் உளவியலாளர்கள் இதைவிடச் சுருக்கமான ஒரு உதாரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். நம் திரைப்படங்கள் எழுபது எண்பது ஆண்டுகளாக இந்தக் காட்சியைத் தோழி இல்லாமல் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கின்றன.

உளவியலைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஆல்பர்ட் பண்டூராவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடத்திய சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். 36 சிறுவர், 36 சிறுமியர். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடித்து உதைப்பதைச் சில குழந்தைகள் பார்த்தன. பிறகு தனியே விட்டபோது அதே அடியை அடித்தன. சிறுவர்கள் கூடுதலாக. பெரும்பாலும் இதோடு நிறுத்திவிட்டு, பார்த்தாயா, ஆண் குழந்தை இயல்பிலேயே முரட்டுத்தனம் என்று முடித்துவிடுகிறார்கள்.

1965இல் பண்டூரா வெளியிட்ட அடுத்த சோதனையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இப்போது பெரியவர் அடிப்பதைப் படமாகக் காட்டினார். ஒரு படத்தில் அடித்தவருக்குப் பரிசு, ஒன்றில் கண்டிப்பு, ஒன்றில் எதுவும் இல்லை. கண்டிப்பைப் பார்த்த குழந்தைகள், அதிலும் குறிப்பாகச் சிறுமிகள், மிகக் குறைவாகவே அடித்தார்கள். அதன்பின் அவர் ஒரு காரியம் செய்தார். படத்தில் பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படமும் தருவதாகச் சொன்னார். சிறுமிகள் செய்து காட்டினார்கள். சிறுவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துபோனது.

அந்தச் சிறுமிகள் முழுவதையும் கற்றிருந்தார்கள். ஒவ்வொரு உதையும் நினைவில் இருந்தது. செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றிருந்தார்கள், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த அடக்கம் இயல்பாகத் தெரியும். அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்கு உரியவையாகத் தொல்காப்பியர் வைத்தார். பயிர்ப்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பிறவிக் குணம் என்றால் பட்டியல் எப்படி நீளும்? நீளுவது பாடத்திட்டம்.

ஆண்டாளிடம் வருகிறேன். பெரியாழ்வார் கண்ணனின் பிள்ளைப் பருவத்தை யசோதையின் குரலில் பாடினார். மகள் என்று மரபு சொல்லும் ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் எதிர்ப்பக்கத்தில் போய் நிற்கிறாள்: மணல் வீடு கட்டிய சிறுமிகளின் பக்கம். அவர்களும் கெஞ்சத்தான் செய்கிறார்கள், மயங்கவும் செய்கிறார்கள். பக்தி அதை மீற விடவில்லை. ஆனால் அங்கே வீட்டைக் கட்ட எவ்வளவு நேரம் ஆனது என்ற கணக்கு வந்துவிடுகிறது, முதுகு வலித்தது என்ற செய்தி வந்துவிடுகிறது. வீட்டோடு சேர்த்து எங்கள் மனத்தையும் உடைப்பாயா என்ற கேள்வி வந்துவிடுகிறது. இதைக் கெஞ்சல் என்று மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. நட்டக் கணக்கு கொடுக்கிறாள். உரையாசிரியர்கள் இதை எல்லாம் ஊடலுக்குள் அடக்கிவிட்டார்கள். உழைத்த முதுகு ஊடலுக்குள் அடங்குமா என்பது வேறு.

சிற்றில் சிதைப்பதை இத்தனை நூற்றாண்டு ரசித்த நம் இலக்கிய உலகம், பெண்கள் சிதைத்தபோது எப்படி நடந்துகொண்டது என்பது மறக்கக்கூடிய அளவுக்குப் பழைய கதை அல்ல. 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோதும், மாலதி மைத்ரி, சல்மா, சுகிர்தராணி கவிதைகளைச் சுற்றியும் எழுந்த கூச்சல் நினைவிருக்கும். ஒழுக்கம், பண்பாடு, மரபு. உடைபட்டது மணல் வீடுகூட அல்ல, ஒரு சொல்லின் மீதான தடை. பண்டூராவின் கண்டிப்புப் படம் மறுபடி ஓடியது. இந்த முறை பார்வையாளர்கள் எழுதத் தொடங்கியிருந்த இளம்பெண்கள். அதற்குப் பிறகு எழுத வந்த சிலர் எந்தச் சொல்லைத் தவிர்த்தார்கள் என்பதை யாராவது ஒரு முனைவர் பட்ட ஆய்வாகச் செய்யலாம்.

ஆண் குழந்தைகளுக்கு இந்தப் பாடத்திட்டம் லாபம் மட்டுமே என்றும் நான் நினைக்கவில்லை. சென்ற பருவத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன்: கடைசி மூன்று பருவங்களை இடம் மாற்றி, ஏதேனும் ஒன்றில் ஒரு விருத்தம். பெண்கள் உற்சாகமாகத் தேர் உருட்டினார்கள். ஒருத்தி தேரை வகுப்புக்குள்ளேயே ஓட்டி, என்னையும் இடித்துவிட்டாள். தளை தட்டியது, பரவாயில்லை. பையன்களில் பலர் வேடிக்கையாக எழுதினார்கள், அம்மானைக் காயைக் கிரிக்கெட் பந்தாக்கினார்கள். ஒருவன் மட்டும் ஊசல் எழுதியிருந்தான். ஒரு ஆண் குழந்தை ஊஞ்சலில் ஆடுகிறது, யாரோ பின்னாலிருந்து ஆட்டிவிடுகிறார்கள், அது எங்கேயும் போக விரும்பவில்லை. நான்கு அடியும் சரியாக அமைந்த ஒரே பாட்டு அதுதான். வாசிக்கச் சொன்னேன். பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ‘வேண்டாம் அம்மா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்றான்.