ஒல்லாந்தர் துட்டின் மேனி

பழைய செப்புக் காசு கைக்கு வந்ததும் எல்லாரும் ஆண்டைத் தேடுகிறார்கள். ரசிகன் முதலில் பார்ப்பது மேனியை. அதிலும் மட்டக்களப்பில், எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே உப்புநீர் வாவி கிடக்கிற ஊரில், செம்பின் கதையில் பாதியை மேனியே சொல்லிவிடும்.

புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638இல். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனி 1726 முதல் கீழைநாடுகளுக்கென்று துட்டு அடித்தது. ஒரு பக்கம் கம்பனியின் வி.ஓ.சி. என்ற கூட்டெழுத்தும் ஆண்டும். மறுபக்கம் அடித்த மாகாணத்தின் கேடயம். நாலு துட்டு ஒரு ஸ்டைவர்.

சீலாந்து மாகாணத் துட்டை உருப்பெருக்கிக்குக் கீழே பிடியுங்கள். அலைக்கு மேலே பாதி உடலோடு எழும் சிங்கம். கேடயத்துக்கு மேலே முடி. கைமாறிக் கைமாறித் தேயும்போது முதலில் மழுங்குவது முடியின் மணிகளும் பிடரி மயிரும், அடுத்தது அலை. பருத்த கூட்டெழுத்து கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அலை இன்னும் வரிவரியாகத் தெரிந்தால் நல்ல காசு. மணிகளை எண்ண முடிந்தால் விலை எங்கோ போய்விடும்.

உருத் தெளிவில்லாததெல்லாம் தேய்மானமல்ல. தேய்ந்த மேடு வழவழவென்று தட்டையாக இருக்கும். அச்சு சரியாக விழாத இடம் மங்கலாக, ஆனால் சொரசொரப்பாக இருக்கும். கம்பனி 1780களில் இலங்கையிலேயே அடித்த தடித்த ஸ்டைவர்களுக்கு இந்த அளவுகோலும் ஒத்துவராது. திருகோணமலைக்கு ‘ரி’, கொழும்புக்கு ‘சி’ என்று எழுத்துப் பொறித்த அந்தக் காசுகள் பிறக்கும்போதே கோணல். அதைக் குறையென்று சொல்பவருக்குக் காசு தெரியாது.

களிம்பிலும் இரண்டு சாதி உண்டு. இறுகிப் படிந்து மினுமினுக்கும் கரும்பச்சை, காசுக்குக் கவசம். தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சை நோய்: உப்பின் குளோரைட்டு உள்ளே புகுந்து, ஈரம் கண்டபோதெல்லாம் செம்பைத் தின்கிறது. அந்தக் காசைப் பிரித்து உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை புளியும் பிராசோ மினுக்கியும். தேய்த்த காசு இளஞ்சிவப்பாகப் பளபளக்கும், சல்லி குறையும். கெட்டிக்கார வியாபாரி அதை மறுபடி கறுக்க வைப்பார். எழுத்தின் இடுக்கில் திட்டுத்திட்டாக நிற்கும் கறுப்பு அதைக் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் தம் நாட்டுப் பெரிய செப்புச் சதங்களுக்கு 1 முதல் 70 வரை தரப்புள்ளி வகுத்தார். இன்று உலகச் சந்தை அதிலேதான் பேசுகிறது. என் தீர்ப்பு எளியது: நேர்மையாகத் தேய்ந்த துட்டு, மினுக்கிய துட்டைவிட எப்போதும் ஒருபடி மேல்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒன்றிருந்தால் கழுவாதீர்கள். விளிம்பைப் பிடித்துப் பாருங்கள், நிறுத்துப் பாருங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றையே தொல்பொருளாகக் கொள்கிறது. ஒல்லாந்தர் துட்டும் அதில் அடங்கும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது.