கார்ஸ் புதரில் ஒரு வெள்ளைக் கோடு

இரவில் டார்ச் அடித்துச் சாலியா என்னும் மலை ஓணானைத் தேடுபவர்களோடு எனக்கு நெடுநாள் பிணக்கு. குளிரில் விறைத்துக் கொம்பைப் பற்றித் தூங்கும் ஓணான், வெளிச்சம் பட்டதும் வெளிறித் தெரிந்துவிடும். கணக்கெடுப்புக்கு அது நல்ல வழி, மறுக்கவில்லை. தேடல் என்னும் கலைக்கோ வெயில் வேண்டும்.

நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் மூடுபனி விலகிப் புல்வெளியில் முதல் வெயில் இறங்கும் வேளையில், தேர்ந்த கள ஆய்வாளர் நடக்க மாட்டார். எந்தப் பக்கம் வெயில் முதலில் படுகிறது என்று பார்த்து, தன் நிழல் புதரில் விழாதபடி நின்று, கண்ணை மட்டும் மேயவிடுவார். பச்சையைத் தேடிப் பயனில்லை, புதரே பச்சை. கண்ணுக்குக் கீழே தொடங்கி முன்னங்கால் வரை இறங்கும் அந்த வெள்ளைக் கோட்டைத்தான் தேட வேண்டும். அது பிடிபட்ட பிறகே ஆணின் பிடரி முட்கள், பெரிய பெரிய செதில்கள், உடலைவிட இரு மடங்குக்கு மேல் நீண்ட வால் என்று ஒவ்வொன்றாக உருக்கொள்ளும். அவசரப்பட்டு ஓரடி வைத்தால் போதும், புதருக்குள் இறங்கிவிடும்.

பறக்கும் ஓணானுக்கு ரசிகர்கள் அதிகம். 1878-இல் பெடோம் விவரித்த ஆனைமலைச் சாலியாவே பேரழகு என்பாரும் உண்டு. அதன் கம்பீரத்தை நானும் ஒப்புவேன். ஆனால் 1845-இல் கிரே பெயரிட்ட ஹார்ஸ்ஃபீல்டின் சாலியா சோலை விளிம்பிலும் ஊட்டி வீட்டு வேலியிலும் கண்ணெதிரே இருந்துகொண்டே மறைகிறதே, அந்த வித்தை எனக்கு ஒருபடி மேல்.

கார்ஸ் ஐரோப்பாவிலிருந்து வந்து நீலகிரிப் புல்வெளியை விழுங்கும் செடி. அதன் முள்ளுக்குள்தான் சாலியா ஒண்டியிருக்கிறது. புல்வெளியை மீட்கக் கார்ஸை எடுத்தே தீர வேண்டும். ஆனால் புதர் புதராகப் பார்த்து, பக்கத்தில் நாட்டுச் செடிகள் எழுந்த பிறகு எடுக்கலாமே!

இப்போது வரும் படங்கள்தான் மனத்தை வருத்துகின்றன. ஓணானைப் பிடித்துப் பாசி படர்ந்த கொம்பில் உட்காரவைத்து எடுக்கிறார்கள். எந்தச் செடி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், வெயில் ஏறி எவ்வளவு நேரம் என்ற விவரமெல்லாம் அந்த நொடியே போய்விடுகிறது. முள் குறுக்கே விழுந்து பாதி முகம் மறைந்த படமே நான் நம்பும் படம். அப்படி ஒன்றை எடுத்து வரும் மாணவரின் குறிப்பேட்டை உடனே வாங்கிப் படிக்கத் தோன்றுகிறது.