ரூபஷோவும் முதிய உழவரும்: சோவியத் களையெடுப்பின் காரணங்கள் குறித்து ஒரு மறுவாசிப்பு

1936 முதல் 1938 வரை நடந்த மாஸ்கோ விசாரணைகளில் பழைய போல்ஷெவிக் தலைவர்கள் தாம் செய்யாத குற்றங்களை ஒப்புக்கொண்டது ஏன்? ஆர்தர் கெஸ்ட்லர் 1940இல் வெளியிட்ட ‘டார்க்னெஸ் அட் நூன்’ புதினத்தின் கருவே இவ்வினாதான். உறக்கம் மறுக்கும் விசாரணைமுறையை அது மறைக்கவில்லை. எனினும், கட்சிக்கு ஆற்றும் இறுதிப் பணியெனக் கருதி ரூபஷோவ் பொய்க்குற்றத்தை ஏற்கும் கொள்கைத் தருக்கமே அதில் முதன்மை பெறுகிறது.

இவ்விளக்கம் தலைவர் சிலருக்குப் பொருந்தலாம்; களையெடுப்பு முழுமைக்கும் பொருந்தாது. 1937, 1938 ஆகிய ஈராண்டுகளில் சுட்டுக்கொல்லப்பட்டோர் 681,692 பேர் என்பது சோவியத் ஆவணக் கணக்கு. அவருள் பெரும்பாலோர் கட்சியினர் அல்லர். 1937 ஜூலை 30ஆம் நாளிட்ட 00447ஆம் எண் ஆணை, முன்னாள் குலாக்குகள் முதலியோருள் 75,950 பேரைக் கொல்லுமாறு வட்டாரந்தோறும் எண்ணிக்கை வகுத்தது. வட்டார அதிகாரிகள் அதனை உயர்த்தக் கேட்டனர், மாஸ்கோ இசைந்தது. மூவர் குழுக்கள் குற்றஞ்சாட்டப்பட்டோரை நேரில் காணாமலே தீர்ப்பளித்தன. வரவிருந்த போர் பற்றிய அச்சம், கூட்டுப்பண்ணையாக்கம் விளைத்த பகை, இலக்கை எட்டாத அதிகாரியின் உயிரச்சம் ஆகியவை இங்கு ஒன்றையொன்று வளர்த்தன.

புதினத்தின் சிறை முற்றத்தில் ஒரு முதிய உழவரும் வருகிறார். ஊர்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதை எதிர்த்த விவகாரத்தில் பிற்போக்காளர் எனக் கைதானவர் அவர். தம் சாவை நியாயப்படுத்தும் தத்துவம் எதுவும் அவரிடம் இல்லை. கெஸ்ட்லர் அவரைச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறார். தலைவரின் மனச்சான்றை மட்டும் ஆராயும் திறனாய்வு, பெயரற்றோரின் சாவுக்குக் காரணம் தேடும் கடமையினின்று வழுவுகிறது. காரணத் தேடல் அவ்வுழவரிடமிருந்தே தொடங்கவேண்டும்.