கல்வெட்டைச் சுற்றிவந்த கேமரா

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் படை அதிகாரிகள் வரைந்த ஓவியங்களை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது சரியல்ல. ஊல்விச் ராணுவக் கல்விக்கூடத்தில் ஓவியம் கட்டாயம் கற்க வேண்டிய கலை. நீர்வண்ண ஓவியத்தின் முன்னோடியான பால் சாண்ட்பி 1768 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கே கற்பித்தார். கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய அடிஸ்கோம்ப் கல்லூரியும் அவ்வழியே நடந்தது. நல்ல வரைபடம் இல்லாத நாட்டில் ஆற்றின் வளைவையும் குன்றின் சரிவையும் கண்ணால் அளந்து தாளில் இறக்கத் தெரியாதவன் பீரங்கியை எங்கே நிறுத்துவான்?

அந்தப் பயிற்சி பல திசைகளில் கிளைத்தது. சாண்ட்பியின் மாணவர் ஜேம்ஸ் பாட்டிசன் காக்பர்ன் கனடாவில் பணியாற்றியபோது கியூபெக் நகரத் தெருக்களை ஓயாமல் வரைந்தார். சென்னைப் படையின் டக்ளஸ் ஹாமில்டன் 1860களில் பழனி மலையையும் சேர்வராயன் மலையையும் அரசுக்காக வரைந்தார். கொடைக்கானலுக்கு அப்பால், பேரிஜம் ஏரிப் பக்கம் ‘ஃபோர்ட் ஹாமில்டன்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. நில அளவையாளரான படை அதிகாரி காலின் மெக்கன்சியின் குழு 1816 வாக்கில் அமராவதி பௌத்தத் தூபியில் தீட்டிய சிற்ப வரைவுகள் இவற்றுக்கெல்லாம் மேலானவை. பிற்பாடு தொலைந்துபோன பல கற்களுக்கு அந்தத் தாள்களே சாட்சி.

என்னைக் கேட்டால், இந்த மரபின் உச்சத்தைத் தொட்டவர் தூரிகைக்குப் பதில் கேமராவை எடுத்த லினேயஸ் டிரைப். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊர் திரும்பியபோது புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டார். 1855-இல் பர்மாவின் ஆவா அரசவைக்குப் போன தூதுக்குழுவில் கோல்ஸ்வொர்த்தி கிரான்ட் ஓவியராகவும் டிரைப் புகைப்படக்காரராகவும் சேர்ந்தே பயணித்தார்கள். பழைய கலையும் புதிய கலையும் அருகருகே வேலை செய்த அபூர்வமான தருணம் அது. அங்கே டிரைப் எடுத்த நெகட்டிவ்கள் இருநூறுக்கும் மேல்.

அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அந்தக்கால ரசாயனப் பூச்சில் நீல ஒளி அளவுக்கு மீறிப் பதியும். வானம் வெறும் வெளுப்பாகவோ திட்டுத் திட்டாகவோ வரும். டிரைப் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்தார். மரத்து இலைகளுக்கும் கைதிருத்தம் செய்தார். சில படங்களில் வானத்தை உற்றுப் பார்த்தால் தூரிகையின் ஓட்டம் தெரியும். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேமரா தவறவிட்டதை மட்டும் ஓவியனின் கை நிரப்பியது.

சென்னை அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டபின், 1857 இறுதியில் தமிழகச் சுற்றுப்பயணம் தொடங்கியது. ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நீண்டது. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை, பின்னாளில் ஆளுநராக வந்த நேப்பியர் பிரபு காலத்துப் பழுதுபார்ப்புக்கு முந்தைய சிதைந்த கோலத்தில் பதிவு செய்தார். இந்தப் படங்களில் ஆட்கள் அரிதாகவே தென்படுகிறார்கள். அதற்கு நீண்ட நேரம் ஒளிபட வேண்டியிருந்தது ஒரு காரணம். என்றாலும், பூசையும் சந்தடியுமாக இருந்த கோயில்கள் ஆளற்ற கட்டடங்களாகவே லண்டன் வாசகருக்குப் போய்ச் சேர்ந்தன. இந்தக் குறையைச் சொல்லாமல் அவரைப் புகழ முடியாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்ததோ வேறு எவரும் நினைத்துப் பார்க்காதது. விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே பட்டையாக்கினார். அழகான காட்சி ஒன்றும் அதில் இல்லை. எழுத்து வரிசை மட்டுமே. ராஜராஜன் காலத்து அந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது 1891-இல்தான். அதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் முந்தியே, கல்லெழுத்து முழுமையாகப் பதிவாக வேண்டும் என்று ஒரு படை அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது. நிலத்தை இடைவெளியின்றி அளக்கும் கண்ணுக்குத்தான் அப்படித் தோன்றும். 1858-இல் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் அவர் படமெடுத்தார். மறு ஆண்டே அவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. மெக்கன்சியின் குழு விட்ட இடத்திலிருந்து டிரைப் தொடர்ந்தது இங்கேதான்.

இவ்வளவும் மூன்றே ஆண்டில் முடக்கப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப்பின் கஜானா வறண்டிருந்தது. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசுப் புகைப்படப் பணி ஓர் ஆடம்பரம் என்று அதை நிறுத்தச் சொன்னார். டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் கேமராவை அவர் தொட்டது மிகக் குறைவு. 1902-இல் பிறந்த ஊரிலேயே இறந்தார். 2014-இல் தொடங்கி வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் அவருடைய படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. தஞ்சையிலும் மதுரையிலும் அப்படி ஒன்று நடக்க வேண்டும். அந்த 19 அடிப் பட்டையை இன்றைய அடிப்பீடத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, எந்த எழுத்து தேய்ந்தது, எது பிழைத்தது என்று குறித்துவைக்கும் வேலை நம் கல்வெட்டு ஆய்வாளர்களுடையது.